குளியலறைக் கதவை அறுத்த கதை

பிள்ளைகளா, தீபாவளிக்கு நீங்கள் வந்ததும் குளியலறைக் கதவைப் பார்த்துவிட்டு, அடியில் எலி கடித்துவிட்டதா என்று கேட்பீர்கள். எலி கடிக்கவில்லை. நான்தான் அறுத்தேன். இதைப் போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே உங்களுக்கு வேறு போன் வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவன் எழுதுகிறான், பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். பாப்பா, மாப்பிள்ளையிடம் இதைக் காட்ட வேண்டாம். உங்கள் அம்மா என்னை உயிரோடு விடமாட்டாள்.

அம்மாவுக்கு இளைப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் போன பனிக்காலத்திலிருந்து அவள் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடுவதில்லை என்பது தெரியாது. நீங்கள் வந்திருக்கும் நாட்களில் நீங்கள் எழுந்திருக்கும் முன்பே குளித்து முடித்துவிடுவாள். அதனால் உங்கள் கண்ணில் படவில்லை.

நம் குளியலறை ஒரு காலத்தில் சாமான் போட்டு வைத்த அறை. பின்னால் கொல்லையில் போய்க் குளிப்பது அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டுக்குள்ளேயே அதை மாற்றினோம். அப்போது மேலே ஒரு வெண்டிலேட்டர் இருந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தபோது, அவர் சுவர் அதை ஒட்டியே எழும்பிவிட்டது. அவர் இடத்தில் அவர் கட்டினார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றோடு அந்த அறைக்குக் காற்று போக்குவரத்து நின்றுபோனது. மேற்கூரையில் கறுப்பாகப் பூசணம் படர்ந்ததை நான் வருடா வருடம் சுண்ணாம்பு அடித்து மறைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அவளைப் பச்சைத் தண்ணீரில் குளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெந்நீரில் குளித்தால் அறை முழுக்க ஆவி நிற்கும். போன மார்கழியில் ஒரு காலை அந்த ஆவிக்குள் அவளுக்கு மூச்சு பிடித்துக்கொண்டது. கண் இருட்டி, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாமல் சுவரைத் தடவியிருக்கிறாள். நான் சத்தம் கேட்டுப் போய்த் தட்டியபோது, தட்டின சத்தத்தை வைத்துத்தான் கதவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திறந்தாளாம். அதற்குப் பிறகு அவள் கதவைச் சாத்தவே இல்லை. ஒரு சாண் திறந்து வைத்துக் குளிப்பாள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன்.

சும்மா உட்கார்ந்தால் போதாது, பேச வேண்டும். அவள் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் நான் எழுந்துவிடுவேன். அப்படி ஒரு ஏற்பாடு. எதைப் பேசுவது? இன்றைக்கு அவரைக்காயா சுரைக்காயா என்பதில் ஆரம்பித்து, என் அக்கா அவளை எந்தக் கல்யாணத்தில் என்ன சொன்னாள் என்பது வரைக்கும் போகும். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

எனக்கு மதிய ஷிப்ட், இரவு ஷிப்ட் வருகிற வாரங்களில் இது ஒரு கஷ்டமாகத் தெரியவில்லை. காலை ஷிப்ட் வாரம்தான் பாடு. நான் விடியும் முன்னே கிளம்பிவிடுவேன், திரும்புவதற்கு மதியம் கழிந்துவிடும். அம்மா பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் குளிக்காமல் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், பெருமாளுக்கு விளக்கேற்றாமல் வாயில் ஒன்றும் வைக்க மாட்டார்கள். அவளும் அப்படியே வளர்ந்தவள். காப்பி மட்டும் நான் போட்டு வைத்துவிட்டுப் போவேன், டாக்டர் மாத்திரைக்காக அதை மட்டும் குடிப்பாள். நான் வருகிறவரை வீட்டில் விளக்கும் இல்லை, அடுப்பும் இல்லை. நான் கேண்டீனில் சாப்பிட்டு வருவேன். அவள் தலையைக்கூட அவிழ்க்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டு அம்மா, "மதினி, நான் வந்து உக்காந்துக்கிடுதேன், நீங்க குளிங்க" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. புருஷன் காவல் இருப்பது வேறு, பக்கத்து வீட்டு அம்மா காவல் இருப்பது வேறு என்று சொல்லிவிட்டாள்.

இப்படியே ஓட்டியிருப்போம். பாப்பாவுக்குத் தலைதீபாவளி வருகிறது என்றதும்தான் அவள் ஒரு நாள் உள்ளே தண்ணீர் மோந்துகொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, தீபாவளியன்னிக்கு நான் தம்பி வீட்டுக்குப் போயிக் குளிச்சிட்டு வந்துருதேன்."

தீபாவளி விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, உங்கள் மாமா வீட்டுக்கா என்றேன்.

"அன்னிக்கு எல்லாரும் இருட்டுலயே எந்திரிச்சிருவாக, மருமகன் கூடத்துல உக்காந்திருக்கையில நான் கதவத் தொறந்து வச்சுக்கிட்டா குளிக்க முடியும்? தம்பி வீட்ல பாத்ரூம் வெளிய இருக்கு, மேல தகரம்தான். காத்து வரும். முந்தின நாளே போயி இருந்துட்டு, குளிச்சிட்டு மொத பஸ்ஸுல வாரேன்."

எண்ணெய் வைப்பது யார் என்று கேட்டேன். தலைதீபாவளிக்கு மகளுக்கும் மருமகனுக்கும் தலையில் எண்ணெய் வைக்க வேண்டியவள் மாமியார். அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தால் எப்படி? உள்ளே இன்னும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். பிறகு, "உங்க அக்கா வப்பாக" என்றாள். அவள் வாயிலிருந்து என் அக்கா பேர் நல்லதற்கு வந்தது அன்றைக்குத்தான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, இது விளையாட்டு இல்லை என்று.

மகனே, குளியலறையில் ஈரம் காயவில்லை, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி அனுப்பு என்று உன்னிடம் கேட்டது அதற்குத்தான். நீ ஏன் எதற்கு என்று கேட்காமல் அனுப்பி வைத்தாய். பார்சல் வந்ததும் அம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இம்புட்டுக்காணு இருக்கே, இது என்னத்த இழுக்கப் போகுது என்று திரும்ப அட்டைக்குள் வைத்துவிட்டாள்.

மாட்டித் தருவதற்கு உங்கள் மாமா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். வயரிங் வேலையில் கை தேர்ந்தவன், வாய் அதைவிடத் தேர்ந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான் மில்லுல ஈரத்த உள்ள விட்டே காலத்த ஓட்டிட்டாரு. இப்ப வீட்ல ஈரத்த வெளிய விட நான் வரவேண்டியிருக்கு."

"ஏலே, வந்த வேலயப் பாரு" என்றாள் உங்கள் அம்மா. ஆனால் சிரித்தாள்.

அவன் சொன்னது சரிதான். மில்லில் என் வேலை என்னவென்று நீங்கள் சின்ன வயதில் கேட்டு நான் சரியாகச் சொன்னதில்லை. காற்று காய்ந்திருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் தண்ணீரைப் புகைபோலத் தூவி, காற்றை நனைத்து, ஆள் உயர ஃபேனால் தள்ளி, மிஷின்கள் ஓடும் இடம் முழுக்க நிரப்ப வேண்டும். அந்த பிளாண்ட்தான் என் பொறுப்பு. அங்கே எனக்கு ஒரே எதிரி திறந்த கதவு. எவனாவது கதவைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் ஈரம் வெளியே ஓடிவிடும், நூல் அறுந்துவிடும், மேஸ்திரி என்னிடம் வருவார். கதவைச் சாத்து, கதவைச் சாத்து என்று கத்தியே என் தொண்டை இப்படி ஆனது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், பிறகு நடந்த கோமாளித்தனத்துக்கு இதுதான் காரணம்.

துளை போட ஒரே ஒரு சுவர்தான் தோதாக இருந்தது, பின்பக்க முடுக்குச் சந்தைப் பார்த்த சுவர். மாமா பென்சிலால் வட்டம் போட்டதும் பக்கத்து வீட்டு அம்மா முடுக்கில் வந்து நின்றுகொண்டார். இன்னும் மேலே, இன்னும் மேலே என்று அவர் சொல்லச் சொல்ல வட்டம் ஏறிக்கொண்டே போனது. முடுக்கு வழியாகச் சைக்கிளில் போகிறவன் தலைக்கும் மேலே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சைக்கிளில் எழுந்து நின்று மிதிப்பவனுக்கும் சேர்த்து வையுங்கள் என்றார். கடைசியில் கூரைக்கு ஒட்டினாற்போல் வந்துவிட்டது. ஆவி மேலேதானே போகும், அதுவும் நல்லதற்குத்தான் என்று மாமா சொன்னான்.

பழைய செங்கல் சுவர். துளை போடுகிற மிஷின் போட்ட சத்தத்தில் முடுக்கில் இருந்த கோழிகள் எல்லாம் மதில் ஏறிவிட்டன. வீடெல்லாம் செம்மண் புழுதி. அம்மாவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தேன், இல்லாவிட்டால் அந்தப் புழுதிக்கே இளைப்பு வந்திருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி குழாயை வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்த்தி வைத்தோம். சுவிட்சை லைட்டோடு சேர்க்கலாம் என்றான் மாமா. தனியாகவே வை என்றேன், குளித்துவிட்டு வெளியே வந்த பிறகும் அது ஓட வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் நன்றாகச் சுற்றியது. வெளியே இருந்த மூடி தடதடவென்று திறந்தது. ஒரு துணுக்குப் பஞ்சைக் கொண்டுபோய்க் காட்டினேன், ஃபேன் முன்னால் இருந்த வலையில் ஒட்டிக்கொண்டது. மில்லில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க நாங்கள் அப்படித்தான் செய்வோம். மாமா சாப்பிட்டுவிட்டு, செத்த நேரம் படுத்து எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம்.

குளியலறைக் கதவைச் சாத்திப் பார்த்தேன். அடியில் வெளிச்சம் தெரிந்தது. பக்கவாட்டில் நூலிழை இடைவெளி. மில்லுக்காரன் கண்ணுக்கு அது பொறுக்குமா? இழுக்கிற காற்றெல்லாம் இந்தச் சந்து வழியாக வீணாகிவிடும், இதை அடைத்துவிட்டால் ஃபேன் ஆவியை மட்டும் இழுக்கும் என்று நினைத்தேன். கடைக்குப் போய் ரப்பர் பட்டி வாங்கி வந்து, கதவைச் சுற்றிலும் அடியிலும் ஒட்டினேன். பழைய வெண்டிலேட்டரின் சந்தையும் புட்டி வைத்துப் பூசினேன். கதவைச் சாத்தினால் டப்பா மூடியதுபோல் இருந்தது. எனக்கு ரொம்ப திருப்தி.

மறுநாள் காலை அம்மா வெந்நீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னைப் பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஃபேன் சத்தம் பலமாகக் கேட்டது. கொஞ்ச நேரம்தான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம், கதவு திறந்தது, இருமிக்கொண்டே வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே ஆவி குபுகுபுவென்று வந்தது. நனைந்த சேலையோடு உட்கார்ந்து பஃப் அடித்துக்கொண்டாள். மூச்சு அடங்குகிறவரை நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் திட்டவில்லை.

"நான் தம்பி வீட்டுக்கே போயிருதேங்க" என்றாள்.

எனக்கு அன்று மதிய ஷிப்ட். அதற்குள் மாமாவுக்குப் போன் போட்டேன். ஃபேன் சும்மா கத்துகிறது, இழுக்கவில்லை, நீ திருப்பி மாட்டிவிட்டாய் என்றேன். நேத்து பஞ்சு ஒட்டுச்சே மச்சான், அதுக்குள்ள எப்படித் திரும்பும் என்றான் அவன். அதுவும் நியாயம். நானே உள்ளே போய்க் கதவைச் சாத்தி, வாளியைக் கவிழ்த்து மேலே ஏறிப் பஞ்சைப் பிடித்தேன். பஞ்சு அசையவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. என்ன ஆயிற்று என்று பார்க்க அம்மா வெளியிலிருந்து கதவைத் திறந்தாள். திறந்த உடனே பஞ்சு என் கையை விட்டுப் பறந்துபோய் வலையில் ஒட்டிக்கொண்டது. சாத்தச் சொன்னேன். விழுந்துவிட்டது. திறக்கச் சொன்னேன், ஒட்டியது.

நான் வாளி மேல் நின்று விழித்துக்கொண்டிருந்தேன். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"அதுக்கும் என்னய மாதிரி இளைப்புதான்" என்றாள். "உள்ள இழுக்க வழி இல்லாம வெளிய எப்படி விடும்? எனக்கு அப்படித்தான இருக்கும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் இறங்கவே இல்லை. மில்லில் உள்ளே தள்ள ஒரு ஃபேன் இருக்கிறது, அதனால் கதவைச் சாத்தினால் சரி. இங்கே உள்ளே தள்ளுகிறவன் யார்? நான் அடைத்த சந்துதான் அதற்கு மூக்கு. இத்தனை காலம் காற்றோடு பிழைத்தவனுக்கு இது தெரியவில்லை. கதவு என்றால் சாத்து என்று கை பழகிவிட்டது.

ரப்பர் பட்டியை எல்லாம் பிய்த்தேன். அதுவும் போதவில்லை, பஞ்சு சோம்பலாகத்தான் ஆடியது. கதவுக்கு அடியில் இரண்டு விரற்கடை அறுத்தால்தான் சரிப்படும் என்று தெரிந்தது. அம்மாவிடம் கேட்டேன். கால் தெரியுமா என்றாள். தரையில் படுத்துப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும், அப்படி மாப்பிள்ளை பார்த்தால் அந்த மாப்பிள்ளையே நமக்கு வேண்டாம் என்றேன். சிரிக்கவில்லை, யோசித்தாள். அதன் வழியாகப் பூரான் வருமே என்றாள். வரலாம் என்று ஒத்துக்கொண்டேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"பூரான் வந்தா செருப்பால அடிச்சுக்கிடலாம். மூச்சு வரட்டும், அறுங்க" என்றாள்.

மறுநாள் காலையிலேயே கதவைக் கழற்றி முடுக்கில் கிடத்தினேன். நான் ரம்பத்தால் அறுப்பதைப் பார்க்கப் பக்கத்து வீட்டு அம்மா மறுபடி வந்தார். சுவத்துல ஓட்டை போட்டீக, இப்பக் கதவுல, நாளைக்கு எதுல என்று கேட்டார். உங்கள் அம்மா உள்ளேயிருந்து, "அவிய தலையில மதினி, காத்து போகணும்ல" என்றாள். முடுக்கே சிரித்தது. அறுத்த கோடு நேராக வரவில்லை, ஒரு பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. எலி கடித்தது மாதிரி இருப்பது அதனால்தான். அன்றைக்குக் குளியலறைக்குப் பழைய வேட்டிதான் கதவு. நான் மில்லிலேயே குளித்துவிட்டு வந்தேன்.

இரவு கதவை மாட்டினேன், விடிந்ததும் அவள் உள்ளே போனாள். நான் வழக்கம்போல நாற்காலியை இழுத்தேன். நீங்க போயி டீயக் குடிங்க என்றாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அடுப்படிக்குப் போய் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், குடிக்கவில்லை. ஃபேன் ஓடியது. தண்ணீர் விழுந்தது. காய் என்ன வாங்கணும் என்று பழக்கத்தில் இங்கிருந்தே கேட்டேன். பதில் இல்லை. டம்ளரை வைத்துவிட்டு ஓடினேன். கதவுக்கு அடியில் குனிந்து பார்த்தால் தரையில் ஆவி இல்லை, என் கால் பக்கத்துக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது, விரலில் தெரிந்தது.

தட்டினேன்.

"இருக்கேன், இருக்கேன். ஃபேன் சத்தத்துல என்ன கேக்கும்? நிம்மதியாக் குளிக்க விடுங்க."

அவள் எப்போதும் அவசரமாகக் குளிக்கிறவள். அன்றைக்கு வெளியே வர ரொம்ப நேரம் பிடித்தது. மஞ்சள் தேய்த்து, தலைக்கு ஊற்றி, ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். இருமல் இல்லை. கூடத்தைத் தாண்டும்போது, சுரைக்காய் வாங்கியாங்க என்று மட்டும் சொன்னாள். கேட்டும் கேட்காத மாதிரி இருந்திருக்கிறாள்.

இந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். இருட்டிலேயே கிளம்பினேன். காப்பி போட்டு வைக்கப் போனபோது, நான் போட்டுக்கிடுதேன், நீங்க மில்லுச் சங்கு ஊதுறதுக்குள்ள போங்க என்று என்னை வெளியே அனுப்பினாள். டீ இடைவேளையில் போன் வந்தது. குளித்தாயிற்று, விளக்கேற்றியாயிற்று, இட்லியும் சாப்பிட்டாயிற்று. பக்கத்து வீட்டு அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள், ஆண்டாளைப் பார்த்துவிட்டு, உங்கள் மாமா வீட்டில், தீபாவளிக்குத் தான் வரப்போவதில்லை என்று நேரில் சொல்லிவிட்டு வருவாளாம். சாவி ஜன்னலில் இருக்கிறது என்றாள். போனில் பஸ் ஹாரன் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது.

பாப்பா, எண்ணெய் உனக்கும் மாப்பிள்ளைக்கும் அம்மாதான் வைப்பாள். நல்லெண்ணெய் இப்போதே செக்கில் சொல்லி வைத்திருக்கிறாள்.

மதியம் நான் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. காலை ஷிப்ட் முடிந்து வந்து, எனக்காக யாரும் குளிக்காமல் காத்திருக்காத வீட்டைத் திறந்தது எனக்குப் புதிதாக இருந்தது. சாமி விளக்கு எரிந்து அணைந்திருந்தது, திரி கறுப்பாக இருந்தது. கை கால் கழுவக் குளியலறைக்குப் போனேன். தரை காய்ந்திருந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தேன். மாதக் கணக்கில் தொடாமல் கிடந்ததில் இறுகிப்போய், கட்டை விரலை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. அவள் இதையும் என்னிடம் சொல்லவில்லை. தையல் மிஷின் எண்ணெயை எடுத்து வந்து சொட்டுச் சொட்டாக விட்டு, முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டே நின்றேன், சுண்டு விரலுக்கே அது ஓடுகிறவரைக்கும்.